மணலில் 36 நிமிடம்: கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை – வாசகர் கேள்வி பதில்

ஆண்கள் தேசிய அணிகளுக்கான ஃபிஃபா கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை 2025 மே மாதம் சீஷெல்ஸ் நாட்டின் விக்டோரியா நகரில் நடந்தது. இறுதியாட்டத்தில் பிரேசில் 4-3 என்று பெலாரஸை வென்றது. ஆட்டங்களைப் பார்த்த வாசகர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள்தான் அதிகம். மைதானம் போடுவது, பயிற்சி எடுப்பது பற்றிக் கேட்டவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

இந்தப் போட்டி எப்போது தொடங்கியது? இதுவரை யார் யார் கோப்பை வாங்கியிருக்கிறார்கள்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பிரேசில் கடற்கரைகளில் காலங்காலமாக ஆடி வந்ததுதான். விதிகளாக எழுதியது 1992இல். மறு ஆண்டு அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் நான்கு நாடுகள் ஆடிப் பார்த்தன. 1995இல் ரியோ டி ஜெனீரோவில் முதல் உலகப் போட்டி. ஜீக்கோ, ஜூனியர் போன்ற பெரிய பெயர்கள் புல்தரையிலிருந்து மணலுக்கு இறங்கியதால் தொலைக்காட்சி பின்னாலேயே வந்தது. 1995 முதல் 2004 வரை நடந்த பத்துப் போட்டிகளில் ஒன்பதைப் பிரேசில் வென்றது. 2001இல் மட்டும் போர்ச்சுகல்.

2005இல் ஃபிஃபா பொறுப்பேற்றது. ரியோவின் கோப்பகபானா கடற்கரையில் நடந்த அந்தப் போட்டியில், ரொமாரியோ ஆடிய பிரேசிலுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. எரிக் கான்டோனா பயிற்சியளித்த பிரான்ஸ், இறுதியில் போர்ச்சுகலைப் பெனால்டியில் வென்றது. அதன்பின் 2006, 2007, 2008, 2009, 2017, 2024, 2025 என்று ஏழு முறை பிரேசில். 2011, 2013இல் ரஷ்யா. 2015, 2019இல் போர்ச்சுகல். 2021இல் மாஸ்கோவில் வென்றதும் ரஷ்ய வீரர்களே. ஊக்கமருந்து விவகாரத்தில் விதித்த தடை காரணமாக நாட்டின் பெயரில் ஆட முடியாமல், ரஷ்யக் கால்பந்துச் சங்கத்தின் பெயரில் ஆடினார்கள்.

2009 வரை ஆண்டுதோறும் நடந்தது, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆனது. 2023இல் நடக்கவேண்டியது மட்டும் 2024 பிப்ரவரியில் துபாயில் நடந்தது.

36 நிமிட ஆட்டம் என்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், காரைக்கால்

12 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள், நடுவே 3 நிமிட இடைவேளை. கோல் விழுந்தாலும், ஃப்ரீ கிக், பெனால்டி கொடுத்தாலும், யாராவது வேண்டுமென்றே நேரம் கடத்தினாலும் கடிகாரம் நிறுத்தப்படும். நேரம் பார்க்கத் தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். நிறைய கோல் விழுகிற ஆட்டம் என்றால் நேரம் இழுத்துக்கொண்டே போகும். 2011இல் இத்தாலியின் ரவென்னாவில் நடந்த இறுதியாட்டத்தில் ரஷ்யா 12, பிரேசில் 8. ஒரே ஆட்டத்தில் 20 கோல்.

குழுப் பட்டியலில் ஜெயித்த அணிக்குச் சில சமயம் 2 புள்ளி, சில சமயம் 1 புள்ளிதான் போடுகிறார்கள். அச்சுப் பிழையா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பிழை இல்லை. இந்த விளையாட்டில் டிரா கிடையாது. 36 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமன் ஆனால் கூடுதலாக 3 நிமிடம். அதில் வென்றால் 2 புள்ளி. அதிலும் தீராமல் பெனால்டிக்குப் போய் வென்றால் 1 புள்ளி. தோற்றவருக்கு எப்படித் தோற்றாலும் பூஜ்யம்தான். 16 அணிகள், நான்கு குழு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்கு. மூன்றே ஆட்டத்தில் குழுச் சுற்று முடிந்துவிடுவதால், பெனால்டியில் வாங்கிய ஒரு வெற்றி பட்டியலில் கிட்டத்தட்டத் தோல்வி மாதிரிதான். அதனால்தான் சமநிலையில் இருக்கும் அணிகள் கடைசி இரண்டு நிமிடத்தில் பின்வாங்காமல் ஏறி அடிக்கின்றன.

ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டாமல் எல்லோரும் விலகி நிற்கிறார்களே?
– ஒரு வாசகர், குளச்சல்

சுவர் கட்டவே கூடாது. ஃப்ரீ கிக் எல்லாமே நேரடியாக கோலுக்கு அடிக்கக்கூடியவை. அடிப்பவரிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். எதிரணிப் பாதியில் கிடைத்த ஃப்ரீ கிக் என்றால் பந்துக்கும் கோலுக்கும் நடுவே கோல் கீப்பரைத் தவிர யாரும் நிற்க முடியாது. மைதானத்தின் நீளமே 35இலிருந்து 37 மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து கோலுக்குச் சுமார் 18 மீட்டர். கோலோ 5.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். அப்படியென்றால் தங்கள் பாதியில் எங்கே ஃபவுல் செய்தாலும் எதிராளிக்கு கோல் அடிக்க ஒரு வாய்ப்பைக் கொடுத்த மாதிரிதான். புல்தரையில் தடுப்பாட்டக்காரர் சாதாரணமாகச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார்; அந்தப் பழக்கத்தோடு மணலுக்கு வருபவர் முதல் ஆட்டத்திலேயே அணிக்கு இரண்டு கோல் நஷ்டம் வைப்பார்.

அடிப்பவர் பந்தாலோ காலாலோ மணலைக் கொஞ்சம் குவித்து, அந்தச் சின்ன மேட்டின்மேல் பந்தை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்தின் அடிப்பாகம் மணலுக்கு மேலே தெரியவேண்டும் என்பதற்காக. மேட்டை அதிகமாகக் குவித்தால் பந்து உருண்டுவிடும். அப்படியே குழியில் வைத்து அடித்தால் பெருவிரல் முதலில் மணலைத்தான் சந்திக்கும்.

எங்கள் இளைஞர் மன்றம் கோடை விடுமுறையில் கடற்கரையில் ஒரு போட்டி நடத்தப்போகிறது. உலகக் கோப்பை அளவிலேயே மைதானம் போட விரும்புகிறோம். என்னென்ன வேண்டும், எப்படிப் போடுவது?
– மன்றச் செயலாளர், தூத்தூர்

முதலில் இடம். அலை ஏறி வரும் ஈரப் பகுதி வேண்டாம். அது சிமென்ட் தரை மாதிரி இறுகியிருக்கும், விழுந்தால் அடிபடும். அதற்கு மேலே, மண்வெட்டியால் 40 சென்டிமீட்டர் ஆழம் வெட்டினாலும் மணலாகவே வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சர்வதேச விதியும் அந்த 40 சென்டிமீட்டரைத்தான் கேட்கிறது. நான்கு மூலையிலும் நடுவிலும் வெட்டிப் பாருங்கள். கல், கிளிஞ்சல், கண்ணாடித் துண்டு, தூண்டில் முள், அறுந்த வலைக் கயிறு எல்லாம் புதைந்திருக்கும். மேலாகப் பொறுக்கினால் போதாது. பலகைச் சீப்பால் ஒருமுறை நீளவாட்டிலும் ஒருமுறை குறுக்குவாட்டிலும் இழுங்கள். கோல் முன்னால் உள்ள பகுதியை மட்டுமாவது சல்லடை போட்டுச் சலித்துவிடுங்கள். கீப்பர் விழுந்து புரள்வது அங்கேதான்.

அளவு: நீளம் 35 முதல் 37 மீட்டர், அகலம் 26 முதல் 28 மீட்டர். முதல் தடவை நடத்துகிறீர்கள் என்றால் 35க்கு 26 போதும். கோடுகள் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள நீல நாடா. சுண்ணாம்புப் பொடி போடாதீர்கள்: வெறுங்காலுக்கும் கண்ணுக்கும் ஆகாது, பத்து நிமிடத்தில் மிதிபட்டுக் காணாமலும் போய்விடும். நாடா கிடைக்காவிட்டால் கெட்டியான நைலான் பட்டை வாங்கலாம். மெல்லிய கயிறு மட்டும் கூடவே கூடாது. கால் விரலிடுக்கில் சிக்கி வெட்டிவிடும்.

மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, மூலைக்கு மூலை அளப்பது. 35க்கு 26 மைதானத்தில் இரண்டு மூலைவிட்டமும் 43.6 மீட்டர் வரவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மைதானம் கோணலாக இருக்கிறது. நாடாவை இறுக்குவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். நாடாவின் முனைகளை இரும்புக் கம்பியில் கட்டி அடித்துவிட்டால், தடுக்கி விழுபவர் காலைக் கிழித்துக்கொள்வார். ரப்பர் பட்டையில் மாட்டி, அந்தப் பட்டையை மணல் மூட்டையில் கட்டி ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். இழுபட்டால் நாடா நீண்டுகொடுத்துத் திரும்ப வரும்.

உள்ளே வேறு எந்தக் கோடும் வேண்டாம். நடுக்கோடும் பெனால்டிப் பகுதியும் கொடிகளால்தான் குறிக்கப்படும். நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சிவப்புக் கொடி. கோல் கோட்டிலிருந்து 9 மீட்டரில் இரு பக்கமும் மஞ்சள் கொடி. அந்த இரு மஞ்சள் கொடிகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் நடுப்புள்ளிதான் பெனால்டி அடிக்கும் இடம். பக்கக் கொடிகளைக் கோட்டின்மேல் நடாமல் ஒரு மீட்டர் வெளியே தள்ளி நடுங்கள்.

கோல் கம்பம்தான் பெரிய ஆபத்து. நிற்க வைத்துவிட்டு ‘கனமாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். மணலில் கம்பத்தின் அடி மெல்ல அசைந்து தளரும். யாராவது குறுக்குக் கம்பியில் தொங்கினால் முன்னால் கவிழும். பின்பக்கச் சட்டத்தை மணலுக்குள் புதைத்து, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி மூடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இருவர் குறுக்குக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். இதில் மட்டும் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

பந்து 5ஆம் எண், எடை 400 முதல் 440 கிராம். புல்தரைப் பந்தை விடக் காற்று குறைவாக அடியுங்கள். வெறுங்காலால் அடிக்கவேண்டிய பந்து. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கவேண்டும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கோல் முன்னாலுள்ள குழியை இழுத்து நிரப்ப இரண்டு பையன்களைச் சீப்போடு நிறுத்துங்கள். ஐந்தாவது ஆட்டத்துக்குள் கீப்பர் நிற்கும் இடம் ஒரு சாண் பள்ளமாகிவிடும். அப்புறம் கோல் உயரம் கீப்பருக்கு எட்டாது, வழக்கு வரும்.

கடல் இல்லாத ஊரில் போட முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

முடியும். 2019 உலகக் கோப்பை நடந்த பராகுவேக்குக் கடலே கிடையாது. 2021இல் நடந்த மாஸ்கோவிலும் கடற்கரை இல்லை. மணலைக் கொட்டித்தான் ஆடினார்கள்.

செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 35க்கு 26 மைதானம், சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 39க்கு 30. ஆழம் 40 சென்டிமீட்டர். மொத்தம் 468 கன மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 165 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கட்டடத்துக்கு வாங்கும் எம்-சாண்ட் ஆகாது. உடைத்த கல் என்பதால் துகள்கள் கூர்முனையாக இருக்கும், வெறுங்காலைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். கழுவிச் சலித்த, உருண்டை மணியான மணல் வேண்டும். ரொம்பப் பொடியாக இருந்தாலும் தூசி எழும்பும், வியர்வையில் ஒட்டும். ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் சீக்கிரம் தெளிந்தால் நல்ல மணல். கலங்கியே நின்றால் வண்டல் அதிகம். அடியில் வடிகால் இல்லாமல் கொட்டினால் முதல் மழையிலேயே குளம்தான். மணலை அனுமதி பெற்ற இடத்தில், ரசீதோடு வாங்குங்கள்.

நிதி அவ்வளவு இல்லையென்றால், பள்ளிக்குப் பாதி அளவில் மூன்றுபேர் ஆட்டத்துக்கு ஒரு மணல் தொட்டி போதும். நுணுக்கம் கற்க அதுவே நிறைய.

புல்தரையில் நன்றாக ஆடும் பையன்கள் மணலில் இறங்கினால் பந்தை இழந்துகொண்டே இருக்கிறார்கள். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?
– பயிற்சியாளர், ராமேஸ்வரம்

பந்தைத் தரையில் உருட்டாதே என்று சொல்லிக்கொடுங்கள். மணலில் உருளும் பந்து எந்தக் குழியில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஆகாயம் மட்டும்தான் சமதளம். உலகக் கோப்பை அணிகள் பந்து காலுக்கு வந்தவுடன் முழங்கால் உயரத்துக்காவது தூக்கிவிடுவதன் காரணம் இதுதான்.

தூக்குவதை இப்படிப் பழக்குங்கள். பந்தை உள்ளங்காலால் நிறுத்தி, ஒரு சாண் தன் பக்கமாக இழுக்கவேண்டும். பந்து பின்னால் உருண்டு வரும்போதே கால் விரல்களை விரித்துத் தட்டையாக மணலின்மேல் வைக்கவேண்டும். பந்து விரல்மேல் ஏறிய கணம் விரல்களை மடக்கி மேலே சுண்டவேண்டும். அங்கிருந்து இரண்டாவது தொடுகை: தோழனுக்கு வாலி (பந்தைத் தரையில் படவிடாமல் காற்றிலேயே அடிப்பது), அல்லது தொடையில் வாங்கித் திரும்புதல். பெரும்பாலும் எங்கே தவறும் என்றால், விரலை மணலுக்குள் குத்திவிடுவார்கள். அப்போது பந்தோடு ஒரு பிடி மணலும் முகத்துக்கு வரும், பந்து அங்கேயே கிடக்கும். இன்னொன்று, உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்ப்பது. ஊன்றிய கால் குதிகாலோடு புதைந்து, தூக்கும் கால் உயராது. ஊன்றிய காலின் முன்பாதத்தில் பாரம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு 50 தடவை, இரண்டு காலிலும்.

அடுத்து கோல் கீப்பர். மணலில் அவர்தான் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆள். வெளியே போன பந்தைக் கையால் எறிந்துதான் ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறார். எதிரணிப் பாதியில் கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் முன்வீரரின் மார்புக்கு அந்த எறி சரியாக வந்தால், அவர் மார்பில் வாங்கி அப்படியே பைசைக்கிள் கிக் (மல்லாந்து விழுந்தபடி தலைக்கு மேலாகப் பந்தைப் பின்னால் அடிப்பது) அடிக்கலாம். எறி ஒரு அடி தாழ்ந்தால் அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே கீப்பருக்குப் பாய்ந்து பிடிக்கும் பயிற்சியோடு எறியும் பயிற்சியும் சம அளவு கொடுங்கள்.

மூச்சுப் பிரச்சினையும் உண்டு. மணலில் ஓட, கெட்டித் தரையை விட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும். களத்தில் கீப்பரோடு ஐந்து பேர்தான். ஆனால் மாற்று வீரர்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆட்டம் ஓடும்போதே இறக்கலாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பேரையும் மொத்தமாக மாற்றும் அணிகள் உண்டு. ‘நல்லா ஆடுறான், இருக்கட்டும்’ என்று ஒரே பையனை முழு நேரமும் விடுவது நம் ஊர் வழக்கம். மூன்றாவது பகுதியில் அவன் நடந்துகொண்டிருப்பான்.

வெறுங்காலோடுதான் ஆடவேண்டுமா? மத்தியான வெயிலில் மணல் கொதிக்குமே!
– ஒரு வாசகி, தரங்கம்பாடி

காலணிக்கு அனுமதி இல்லை. கணுக்காலுக்கு உறை, பாதத்தில் மீள்துணிக் கட்டு போட்டுக்கொள்ளலாம். உடையாத வகைக் கண்ணாடியும் அணியலாம். உச்சி வெயிலில் காய்ந்த மணல் 50 டிகிரியைத் தாண்டும், பாதம் கொப்புளித்துவிடும். காலை 9 மணிக்குள், இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல் ஆட்டத்தை வையுங்கள். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு மைதானம் முழுக்கத் தண்ணீர் தெளியுங்கள். சொதசொதவென்று ஊற்றினால் மணல் இறுகிவிடும்.

காயங்களில் அதிகம் வருவது கால் பெருவிரல் நகம் பெயர்வதும், கெண்டைக்கால் பிடிப்பும், கண்ணில் மணல் விழுவதும். நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டி, பெருவிரலுக்குப் பிளாஸ்டர் சுற்றுங்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். பைசைக்கிள் கிக் பழகும் பையன்கள் உள்ளங்கையைப் பின்னால் நேராக ஊன்றி விழுவார்கள், மணிக்கட்டு போய்விடும். முழங்கையை மடித்து, முன்கையிலும் தோள்பட்டையிலும் விழப் பழக்குங்கள். அதுவும் புதிதாகக் கிளறிவிட்ட மணலில் மட்டும்.

சீஷெல்ஸில் தமிழர்கள் இருக்கிறார்களா?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

இருக்கிறார்கள். போட்டி நடந்த விக்டோரியா நகரின் நடுவிலேயே நவசக்தி விநாயகர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. தைப்பூசக் காவடியும் எடுக்கிறார்கள். இந்த உலகக் கோப்பையை நடத்திய முதல் ஆப்பிரிக்க நாடும் சீஷெல்ஸ்தான்.

தஹிதி என்ற சின்னத் தீவு இதில் எப்படி இவ்வளவு பெரிய அணியானது?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

2013இல் தன் தலைநகர் பப்பேத்தேயில் போட்டியை நடத்தி அரையிறுதி வரை வந்தது. 2015, 2017 இரண்டிலும் இறுதியாட்டம். 11 பேர் ஆட்டத்தில் பெரிய நாடுகளோடு மோத முடியாத ஒரு தீவுக்கு 12 பேர் கொண்ட அணி போதுமானதாக இருந்தது. அணியின் முக்கிய வீரர்களை ஆண்டுக்கணக்கில் கலைக்காமல் ஒன்றாகவே ஆட வைத்தார்கள். பந்து காற்றிலேயே இருக்கும் ஆட்டத்தில், தோழன் எங்கே இருப்பான் என்று பார்க்காமலே தெரிவது பெரிய பலம். நம் கடலோர ஊர்கள் முதலில் படிக்கவேண்டிய பாடம் தஹிதியிடம்தான் இருக்கிறது, பிரேசிலிடம் இல்லை.

இந்தியா எங்கே நிற்கிறது?
– கல்லூரி மாணவர், கடியப்பட்டணம்

தொடக்கத்தில்தான். 2007இல் ஆசியப் போட்டியில் ஆடியது. பிறகு நீண்ட இடைவெளி. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குத் திரும்பி வந்து, குழுச் சுற்றோடு வெளியேறியது. அந்தப் போட்டியிலிருந்து உலகக் கோப்பைக்குப் போன மூன்று ஆசிய அணிகள் ஈரான், ஓமான், ஜப்பான். உள்நாட்டில் முதல் தேசியப் போட்டி 2023இல் சூரத்தின் டுமாஸ் கடற்கரையில் நடந்தது. இறுதியில் பஞ்சாபை வென்று கேரளா பட்டம் வாங்கியது.

உங்கள் ஊரிலிருந்து மாநில அணிக்கு முயல்வதானால், தேர்வுக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைக் கையில் வைத்திருங்கள்: இரண்டு காலாலும் பந்தைச் சுண்டித் தூக்குவது, 15 மீட்டரிலிருந்து வாலி அடித்து கோலுக்குள் வைப்பது, முதுகு காட்டி நின்று மார்பில் பந்தை வாங்குவது. கீப்பர் என்றால் நடுக்கோட்டைத் தாண்டிக் குறிபார்த்து எறிவது. ஒரு டயரை நெஞ்சு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, 20 மீட்டர் தள்ளி நின்று அதற்குள் எறிந்து பழகலாம்.